ஆவணியில் கட்டிய பேனர்

அண்ணனின் வலதுகால் சுண்டுவிரலில் புண் வந்தது ஆனி மாதத்தில், குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது. வயலில் நத்தை ஓடு குத்திவிட்டது என்றார் அண்ணன். அதற்கு முந்தின வாரமே புதுச் செருப்பு கடித்திருந்தது என்றார் அண்ணி. எது முதலில் என்று இன்றுவரை முடிவாகவில்லை. சர்க்கரை நோயில் கால் மரத்துப் போயிருந்ததால் குத்தியதும் அவருக்குத் தெரியவில்லை, கடித்ததும் தெரியவில்லை.

இந்த மாதிரி விஷயங்களை நான் எளிதில் விடுகிறவள் அல்ல. எந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வராமல் சம்பா கருகியது, யாருடைய கல்யாணம் யாருடைய கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது, பாபநாசம் ரோட்டில் பாலம் கட்டும் வேலை முடிந்தது தையிலா மாசியிலா என்று உறவுக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் செய்வார்கள். பழைய ஊர் வரலாறு, யாரோ எழுதிய பயணக் குறிப்பு, நாவல், மருத்துவ நூல் எதுவானாலும் கையில் கிடைத்தால் படித்துவிடுவேன். படிக்கும்போது மனம் தேடுவது ஒன்றைத்தான்: எது முன்னால், எது பின்னால். அந்த வரிசை தெரிந்துவிட்டால் எதனால் எது நடந்தது என்பதும் தெரிந்துவிடும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

என் உத்தியோகமும் அந்த நம்பிக்கையின்மேல் நிற்பதுதான். பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் கற்பிக்கிறேன். உடம்பைப் பற்றிய செய்திகள், அதாவது வானொலியில் வருவது, சுவரில் எழுதுவது, போனில் சுற்றுவது எல்லாம் மக்களிடம் போய் என்ன செய்கின்றன என்பது என் ஆராய்ச்சி. ஒரு செய்தியைக் கேட்ட பிறகு ஒருவர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால், அது அந்தச் செய்தியால்தானா என்று பார்க்க வேண்டும். சொல்வதற்கு எளிது. ஊரில் விளக்குவதுதான் கஷ்டம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்றிருப்பதைப் பார்த்துவிட்டு முட்டியைக் காட்டுவார்கள், நாக்கை நீட்டுவார்கள். அண்ணன் குறுக்கே வந்து காப்பாற்றுவார்.

"நம்ம பாப்பா ஊசி போடுற டாக்டர் இல்லீங்க. ஊசியப் பத்திப் பேசுற டாக்டர்."

ஐம்பது தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான்.

இந்தத் துறைக்கு வந்த புதிதில் செய்த வேலை ஒன்று இப்போதும் மனதில் உறுத்துகிறது. வானொலியில் வாரம் ஒரு முறை வந்த உடல்நல நிகழ்ச்சியைக் கிராமங்களில் யார் கேட்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒரு வாரம் ஏதோ கோளாறினால் அந்த நிகழ்ச்சி ஒலிபரப்பாகவே இல்லை. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. அந்த வாரமும் மக்கள் கேட்டதாகச் சொன்னார்கள். ஓர் அம்மா அதில் என்ன சொன்னார்கள் என்பதையும் சொன்னார்: தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். அவர் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒலிபரப்பாகாத நிகழ்ச்சியால் காய்ந்த தண்ணீரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என் வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த வாரத்தை விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டேன். பட்டம் கிடைத்தது.

அண்ணனின் கதைக்கு வருகிறேன்.

ஆனி கடைசியில் கும்பகோணத்தில் டாக்டரைப் பார்த்தோம். அவர் புண்ணைப் பார்த்த நேரத்தைவிட ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த நேரம் அதிகம். மாத்திரை போதாது, இன்சுலின் போட வேண்டும், சர்க்கரை இறங்காவிட்டால் புண் ஆறாது, ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து காபி குடிக்கும்போது சொன்னார்:

"இன்சுலின் கடைசி ஸ்டாப்பிங் பாப்பா. அங்க இறங்குனவன் எவனும் திரும்பி வந்ததில்ல."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நம்ம சித்தப்பா போட்டாரு. அடுத்த பொங்கலுக்குள்ள காலை எடுத்துட்டாங்க. நீ பாத்ததுதானே?"

பார்த்ததுதான். சித்தப்பா இன்சுலினை வெகு தாமதமாக ஆரம்பித்தார். கால் போனது நோயால், மருந்தால் அல்ல. ஆனால் அண்ணனுக்கு இது முன்னால், அது பின்னால். என்னைப் போலத்தான் அவரும் கணக்குப் போட்டிருக்கிறார். வரிசையை வைத்தே காரணத்தைச் சொன்னவரிடம் வரிசை மட்டும் போதாது என்று நான் எப்படிச் சொல்வது?

சொல்லிப் பார்த்தேன். எங்கள் துறையில் பாடமாக நடத்துகிற வழிகள் எல்லாவற்றையும் அந்த ஆடியின் கடைசி இரண்டு வாரங்களில் அவர்மேல் பிரயோகித்தேன். பயமுறுத்தினால் கேட்பார்களாம். விரல் எடுத்த கால்களின் படங்களைப் போனில் காட்டினேன். "இவனெல்லாம் இன்சுலின் போட்டவனாத்தான் இருப்பான்" என்றார். நம்பிக்கையானவர் சொன்னால் கேட்பார்களாம். அவர் மதிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைப் பேசவைத்தேன். இருவரும் உர விலையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கதையாகச் சொன்னால் மனதில் இறங்குமாம். கதை சொன்னேன். "முடிவு நல்லாருக்கு. ஆனா நம்புற மாதிரி இல்ல" என்றார். அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லாமல் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் என் துறையில் நடந்துகொண்டிருந்த வேலையும் தற்செயலாக இன்சுலின் பயத்தைப் பற்றியதுதான். தற்செயல் என்றால் யாரும் நம்புவதில்லை. திட்டத்துக்கு அனுமதி வந்தது அண்ணனுக்குப் புண் வருவதற்கு முன்னால். பாபநாசம் ரோட்டில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊர்க்காரர் ஒருவரையே இன்சுலின் போட்டு நன்றாக இருப்பவராக பேனரில் காட்டி, ஊர்ப் பேச்சு மாறுகிறதா என்று பார்ப்பது. வெளியூர் டாக்டரின் முகத்தைவிடத் தெரிந்த முகம் பலிக்கும் என்பது எங்கள் அனுமானம்.

அந்த ஊர் அரவை மில்லின் சொந்தக்காரர் சம்மதித்தார். சுற்றுப்பட்டு ஊர்களில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. மிளகாய், மல்லி, இட்லி அரிசி எல்லாம் அவர் மில்லுக்குத்தான் வரும். இன்சுலின் போட்டுக்கொள்பவர், அதைச் சொல்லக் கூச்சப்படாதவர். அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர். ஆனாலும் தான் ஊசி போடுவதை அண்ணனிடம் அவர் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவன் கேக்கல, நான் சொல்லல. நாங்க பேசுறது வேற" என்றார்.

பேனரை எங்கே கட்டுவது? இதற்கும் முறைப்படி விசாரித்தோம். என் மாணவிகள் ஊருக்குள் போய், பஸ்ஸில் வருகிறவர்களிடமும் நடந்து போகிறவர்களிடமும், "இந்த ஊர்ல நீங்க தவறாமப் பாக்குற இடம் எது?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ஒரே இடத்தைச் சொன்னார்கள்: பஸ் நிழற்குடைக்குப் பக்கத்தில், இரண்டு கரண்டு கம்பங்களுக்கு நடுவே. அங்கே ஒன்றும் கட்டாத நாளிலும் கண் அங்கே போகும் என்றார்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முடிவு செய்தோம். அங்கே ஏன் பார்க்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லை.

பேனர் அடித்தது பாபநாசத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில். கடைக்காரர் வளைகுடாவில் பல வருஷம் விளம்பரப் பலகை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "மரியாதையா, அமைதியா இருக்கணும்" என்று மட்டும், படத்தையும் வாசகத்தையும் கொடுக்கும்போது அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் அனுப்பிய மாதிரியைப் போனில் பார்த்தேன். வெளிர்நீல வானம், ஓரத்தில் வெள்ளைப் பூக்கள், முட்டை வடிவத்துக்குள் மில்லுக்காரரின் சிரித்த முகம். கீழே பெரிய எழுத்தில் இன்சுலின். அதற்கும் கீழே சிறிய எழுத்தில், அதை நான் போட்டுக்கொள்கிறேன், நலமாக இருக்கிறேன் என்ற வாசகம். அழகாக இருந்தது. சரி என்று பதில் அனுப்பினேன்.

ஆவணி பிறந்த முதல் வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கட்டினார்கள். எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி இருக்கும். பேனரைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லலாம் என்று மில்லுக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். முதல் வாய் குடிப்பதற்குள் வாசலில் ஓர் அம்மா, "ஐயோ, என் அண்ணே..." என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தவர், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மில்லுக்காரரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கை நெஞ்சிலேயே இருந்தது.

"என்ன தங்கச்சி?" என்றார் மில்லுக்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றார் அந்த அம்மா. "மாவு அரைக்கணும்."

"சரி. அரிசி எங்க?"

அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்து இரண்டு பேர் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று பந்தல் போட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். போட்டிருக்கவில்லை. மில்லுக்காரர் எழுந்துபோய் விசாரித்தார். அவர்கள் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் போனார்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர் மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது.

"அந்த ரெண்டு கம்பத்துக்கும் நடுவுலயா கட்டுனீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்."

"அங்க கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டுந்தாங்க கட்டுவாங்க. இன்னிக்கு யாரு போயிட்டாங்கன்னு பாக்கத்தான் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புறது."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தார். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். பாபநாசத்துக்குக் கட்டு மாற்றப் போனவர், போகிற வழியில் பஸ் ஜன்னல் வழியாக பேனரைப் பார்த்திருக்கிறார். பாபநாசத்தில் இறங்கி, கட்டு மாற்றாமல், ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். கண் சிவந்திருந்தது.

மில்லுக்காரர் அவரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மாலையோட வர்ற? எனக்கா?"

அண்ணன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மாலை மடியில் கிடந்தது.

"நீ சாகலையா?" என்றார் கடைசியில்.

"இன்னிக்கு அப்படி ஒரு யோசனை இல்ல. மில்லுல வேலை கெடக்கு."

"சிரிக்காதடா. பஸ்ஸுல வர்றப்ப என் கையி காலெல்லாம் நடுங்கிப்போச்சு."

"அட, அழுதியா மாப்ள? எனக்காகவா? இங்க வாடி, வந்து பாரு, இவன் அழுதிருக்கான். என் கல்யாணத்துல கூட பாயசம் சரியில்லைன்னு சண்டை போட்ட பய."

அப்போதுதான் அண்ணன் என்னைக் கவனித்தார். நான் அங்கே இருப்பதிலிருந்து அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பாப்பா, இது உன் வேலையா?"

"பேனர்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களாண்ணே?"

"பஸ்ஸுல போறவன் எதப் படிப்பான்? இவன் மூஞ்சி தெரிஞ்சுது. இன்சுலின்னு தெரிஞ்சுது. இன்சுலின் போட்டான், போய்ச் சேந்துட்டான். வேற என்ன நெனைக்கிறது?"

நான் செய்ய நினைத்ததற்கு நேர் எதிரானதைப் பேனர் செய்திருந்தது. அதுவும் இந்த ஒருவர் மனதில். மில்லுக்காரர் உள்ளே போய்ப் பேனா மாதிரியான தன் ஊசியை எடுத்து வந்தார். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, எங்கே போடுவது, எப்படித் திருகுவது என்று விளக்கினார். கொசு கடிக்கிற மாதிரிதான் என்றார். அண்ணன் வழக்கம்போல் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. குனிந்து பார்த்தார்.

"வேர்த்துக் கொட்டுமா உனக்கு? திடீர்னு படபடன்னு வருமா?"

"சாப்பிட லேட்டானா வரும். ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கிட்டா சரியாயிரும்."

"ம்." கொஞ்சம் யோசித்தார். "அது பயப்படுற மாதிரி இல்லையா?"

"பயமாத்தான் இருக்கும். அப்புறம் போயிரும்."

மாலையை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினையாயிற்று. உயிரோடு இருப்பவர் வீட்டுக்குள் அதை வைக்கக் கூடாது என்றார் மில்லுக்காரர் மனைவி. காசு போட்டு வாங்கிய மாலையை வீசவும் அண்ணனுக்கு மனமில்லை. கடைசியில் மில்லுக்கு எடுத்துப்போய் அரவை இயந்திரத்துக்குப் போட்டார்கள். "ஆயுத பூஜை இந்த வருஷம் ஆவணியிலேயே வந்துருச்சு" என்றார் மில்லுக்காரர்.

மத்தியானத்துக்குள் பேனரை அவிழ்த்துவிட்டோம். பிளெக்ஸ் கடைக்குப் போய்க் கேட்டேன். பாய் அசரவில்லை.

"மேடம், அறுபது வயசுக்காரர் தனியாச் சிரிக்கிறாரு. அமைதியா இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. எழுத்தக் கடைப் பையன் அடிச்சான், நான் படத்தத்தான் பாத்தேன். நான் என்னன்னு எடுத்துக்கிறது? தேதி மட்டும் விட்டுப்போச்சேன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே?"

"துக்க வீட்டுல போய்த் திருப்பித் திருப்பிக் கேக்க முடியுங்களா? கவலைப்படாதீங்க, வேற மாதிரி அடிச்சுத் தர்றேன். பாத்தா உயிரோட இருக்காருன்னு தெரியிற மாதிரி."

இரண்டாவது பேனரில் மில்லுக்காரர் முழு உருவத்தில், மஞ்சளும் சிவப்புமான பின்னணியில், கை கூப்பி நின்றார். நிழற்குடைக்கு எதிர்ப்புறத்தில் கட்டினோம். அவர் எந்த வார்டில் நிற்கிறார், எந்தக் கட்சி என்று ஊரில் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் தெருவுக்குச் சாக்கடை வேண்டுமென்று மனுவே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பாய்க்கே இது புரியவில்லை. "கலர் போட்டாலும் தப்பு, போடாட்டியும் தப்பு" என்று அலுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் மில்லுக்காரர் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுப் போக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செத்ததாகப் பேச்சு எழுந்து பிழைத்திருப்பவருக்கு ஆயுசு கெட்டி என்பது எங்கள் பக்கத்து எண்ணம். அதனால் சந்தோஷமாக வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர் காபி கொடுத்து, சட்டையைத் தூக்கி, ஊசியைக் காட்டினார். ஒரு மாதம் கழித்து மாணவிகள் அந்த ஊரில் விசாரித்தபோது, இன்சுலினைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள் என்ற கேள்விக்கு ஒருவர் தெளிவாகப் பதில் சொல்லியிருந்தார்: "மில்லுக்காரர் செத்தப்ப." இதைப் பேனரின் விளைவு என்பதா, பேனரின் தவறால் வந்த விளைவு என்பதா, காபியின் விளைவு என்பதா? துறையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசினோம். நான்கு கருத்துகள் இருந்தன. அதில் இரண்டு என்னுடையவை.

எனக்கு அந்த ஊரைவிட அண்ணனின் விரல்தான் கவலை. இன்சுலினுக்குக் கொஞ்சமாவது வழிவிட்டிருக்கக்கூடியவரை நானே பேனர் கட்டி விரட்டிவிட்டேனோ என்று ஆவணி முழுவதும் இருந்தது. போன் செய்தால் குறுவை அறுப்பைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, அவர் வீட்டில் இல்லாதபோது அண்ணி போன் செய்தார்.

"பாப்பா, டாக்டருகிட்ட போயிட்டு வந்தோம். சர்க்கரை எறங்கியிருக்காம். புண்ணு உள்ளேருந்து மூடுதாம். இப்போதைக்கு விரல எடுக்க வேணாம்னுட்டாரு."

"எப்படி அண்ணி?"

"எப்படின்னா? ஊசி போடுறாருல்ல."

சிநேகிதன் செத்துவிட்டான் என்று ஓடிப்போய், உயிரோடு பார்த்து, ஊசியைக் குனிந்து பார்த்த அந்த வெள்ளிக்கிழமைதான் அவரை மாற்றியிருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டேன். முதலில் பயம், பிறகு நிம்மதி, தெரிந்த முகம், கண்ணால் கண்ட சாட்சி. பாடத்தில் இருப்பது எல்லாம் சரியான வரிசையில் நடந்திருந்தது. திங்கட்கிழமை துறையில் சொன்னேன். ஒரு சக ஆசிரியர், "இதை வெச்சே ஒரு கட்டுரை எழுதிடலாம் மேடம்" என்றார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

எழுதுவதென்றால் தேதி வேண்டும். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தேன், அண்ணன் படுத்துவிட்டார். அடுக்களையில் அண்ணியிடம் கேட்டேன்.

"ஊசிய எந்தத் தேதில ஆரம்பிச்சாரு அண்ணி? பேனரப் பாத்துட்டு வந்த மறுநாளா?"

அண்ணி சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"பேனருக்கு முன்னாடியே போட்டுக்கிட்டிருந்தாரே."

"முன்னாடின்னா?"

"ஆடிப் பதினெட்டுக்குச் சாதம் கிளறுனேன்ல? சக்கரைப் பொங்கல் ஒரு கரண்டி வேணும்னு அடம் பிடிச்சாரு. ஊசி போட்டுட்டு சாப்பிடுங்கன்னேன். அப்பவே போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

ஆடிப் பதினெட்டு ஆவணிக்கு முன்னால். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. நான் படம் காட்டிப் பயமுறுத்தியபோதும், தலைமையாசிரியரை அழைத்துவந்தபோதும் இவர் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மில்லுக்காரர் வீட்டில் வேர்க்குமா, படபடவென்று வருமா என்று கேட்டது தனக்கு வந்ததைத்தான்.

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வேணாம்னாரு. சொன்னா நீ ஏன், எதுக்கு, எப்போலேருந்துன்னு கேள்வி மேல கேள்வி கேப்பியாம்."

"அப்ப அந்த பேனரால ஒண்ணுமே ஆகலையா?"

"ஏன் ஆகல? அதப் பாத்துட்டு வந்து நாலஞ்சு நாள் ஊசியத் தொடல. ஃபிரிட்ஜத் திறந்து பாப்பாரு, மூடிருவாரு."

"மில்லுக்காரரத்தான் உயிரோட பாத்துட்டாரே?"

"பாத்தாரு. ஆனா பஸ்ஸுல நடுங்குனது நின்னாத்தானே? அவன் உயிரோட இருக்கான்னு புத்திக்குத் தெரியுது, கைக்குத் தெரியலன்னாரு."

ஆக, என் பேனர் ஊசியை ஆரம்பிக்கவைக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைத்தான் நிறுத்தியது. பிறகு எது மறுபடி தொடங்கவைத்தது? அதற்கும் முன்னால், ஆடியில் எது தொடங்கவைத்தது? எழுதலாம் என்று நினைத்த கட்டுரை அடுக்களையிலேயே கலைந்துபோனது. அது போனதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்றும் சொல்லத் தெரியவில்லை. விரல் இருக்கிறது. ஆனால் எதனால் இருக்கிறது என்று தெரியாவிட்டால், நாளைக்கு அது போகாமலிருக்க எதைப் பிடித்துக்கொள்வது?

மறுநாள் காலையில் அண்ணன் வயலுக்குக் கிளம்பும் முன் என் எதிரிலேயே ஃபிரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்திருப்பார். பனியனைத் தூக்கி, வயிற்றைக் கிள்ளிப் பிடித்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு குத்தினார். மெதுவாக எதையோ எண்ணிவிட்டு எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேண்ணே. ஏன் போட ஆரம்பிச்சீங்க?"

"உங்க அண்ணியக் கேளு. ஊசி போட்டாத்தான் இட்லி வைப்பேன்னுட்டா. பசியோட எவன் சண்டை போடுறது?"

அடுக்களையிலிருந்து அண்ணி உடனே எட்டிப் பார்த்தார்.

"நானா? நான் எப்ப சொன்னேன்? நீங்களா ஒருநாள் வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜுல வெச்சீங்க. ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிடணும்னு டாக்டரு சொன்னாரேன்னு, நீங்க போட்டப்புறம் வைக்கிறேன். அவ்வளவுதான்."

"நீ முதல்ல இட்லிய நிறுத்துன. அப்புறந்தான் நான் ஊசி வாங்கினேன்."

"நீங்க முதல்ல ஊசி வாங்குனீங்க. அப்புறந்தான் நான் நேரம் பாத்து வைக்க ஆரம்பிச்சேன்."

"நாலஞ்சு நாள் விட்டீங்களே, அது மறுபடி எப்படி ஆரம்பிச்சுது?" என்றேன் நான். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த நாலு நாளும் இவ லேட்டாத்தான் வெச்சா" என்றார் அண்ணன்.

"அந்த நாலு நாளும் இவர் பத்து மணி வரைக்கும் உள்ளயே வரல" என்றார் அண்ணி.

இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது. யார் சொல்வது முதலில் நடந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் யாருமில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசிக்கிட்டே இருந்தா நேரமாயிரும்" என்று அண்ணி தட்டை வைத்தார். "எனக்கு வேர்க்க ஆரம்பிச்சுரும், போடு" என்று அண்ணன் உட்கார்ந்தார். கட்டு அவிழ்த்த வலதுகாலை முன்னால் நீட்டிக்கொண்டார். சுண்டுவிரலின் ஓரத்தில் புதுத்தோல் வெளிறிய ரோஜா நிறத்தில் மூடியிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் முதல் இட்லியைப் பிட்டார்.